நாற்பது நோட்டுகளையும் படித்தவர்

நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன். அடுத்தவர்கள் எழுதியதில் காலும் கொம்பும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்தே முப்பது வருஷம் ஓடிவிட்டது. சொந்தமாக நானும் ஒரு புத்தகம் எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. எழுதினேன். ஒன்றே ஒன்றுதான். ஊர் மறந்துவிட்ட ஒரு மனிதரை அது திரும்ப நடமாட வைத்தது. அதற்காக என்னைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத பாதிக் கதை இது.

அச்சகத்துக்கு வெள்ளையடித்த வாரத்தில் வாசல் போர்டைக் கழற்றித் தலைகீழாகச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். டீ குடிக்க வெளியே வந்தவன் அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். தகரம் முழுக்க ஒரு படிக்கட்டு. அதில் ஒரு கூட்டமே ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆளின் முதுகிலும் ஒரு கதவு, தாழ்ப்பாளோடு. படிகளின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல எழுத்துகள். கழுத்தைச் சாய்த்துப் படித்தேன்.

கதவைச் சுமந்து அலைகிறேன்.
வீடு எங்கே என்று எவரும் கேட்கவில்லை.
எல்லோரும் தட்டிப் பார்க்கிறார்கள்.

டீ ஆறிப்போனது. முதலாளியிடம் கேட்டேன்.

"அதுவா? தகரம் வரைஞ்சது. போர்டு எழுதிக்கிட்டிருந்தான் ஒருத்தன், கொஞ்சம் மறை கழன்ற ஆளு. தகரத்துலயே படம் போடுவான், பாட்டு எழுதுவான். அதனால பேரே தகரம்னு ஆயிடுச்சு. செத்து பதினாறு வருஷம் இருக்கும்."

"வேற படமெல்லாம் எங்க இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? அவன் தங்கச்சி ஒருத்தி இருக்கா. மணிக்கூண்டுத் தெருவுல துணி தைக்கிறா."

சனிக்கிழமை போனேன். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, இரண்டு தையல் மெஷின் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு கடை. புதுத்துணி தைப்பதில்லை. இடுப்பைப் பிரித்துத் தைப்பது, காலரைத் திருப்பிப் போடுவது, ஜிப் மாற்றுவது, இப்படி ஆல்டரேஷன் வேலைதான். அறுபதைத் தாண்டிய ஒல்லியான பெண். தெருவே அவரைத் தையலம்மா என்றுதான் கூப்பிட்டது. வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்தபடி நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு ஊசிகளை எடுத்துவிட்டுப் பேசினார்.

"இருந்தப்போ ஒருத்தர் எட்டிப் பார்க்கல. இப்ப எந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பாருன்னு கேக்க ஆள் வந்தாச்சு. உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் ஆடும், பார்த்து."

அப்படித் தொடங்கியது. இரண்டரை வருஷம், சனிக்கிழமை தவறாமல் அந்த ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். துணி வெட்டும் மேசைக்கு அடியிலிருந்து பதினேழு தகரங்களை இழுத்துக் காட்டினார். ஈரம் ஏறாமலிருக்க ஒவ்வொன்றையும் பழைய போர்வைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். மேல் மாடியில் ஒற்றை அறை. அதில்தான் அண்ணன் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். பகலில் போர்டு எழுதினார். போர்டு எழுதாத நாளில் மிச்சத் தகரத்தில் படம் போட்டார். மாலையில் நோட்டில் எழுதினார். யாரோடும் ஒத்துப்போகவில்லை. முடிவெட்டும் கடைக்கு போர்டு எழுதச் சொன்னால், கத்தரிக்கோலுக்கு இறக்கை வைத்து வரைந்து கொடுத்துவிட்டு, கடைக்காரரோடு தெருவில் நின்று சண்டை போடுவார். நடுவில் ஆறு மாதம் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தார். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சோறு கொடுத்தது தங்கைதான். இரண்டு இடத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. அண்ணனைப் பார்த்துவிட்டு இரண்டும் வந்த வழியே போய்விட்டன. இதையெல்லாம் தையலம்மா ஊர்க் கதை மாதிரிதான் சொன்னார், பெடலை மிதித்துக்கொண்டே.

நோட்டுகளைப் பற்றி நான் கேட்டபோது மட்டும் மெஷின் நின்றது.

"நாற்பது நோட்டு. ரெண்டு டிரங்குப் பெட்டி நிறைய."

"எங்கம்மா இருக்கு?"

"எரிச்சுட்டேன்."

என் முகம் எப்படிப் போயிற்றோ, அவர் எழுந்து கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அண்ணன் மழைக்காலத்தில் காசநோயால் இறந்திருக்கிறார். மெத்தை, தலையணை எல்லாவற்றையும் எரித்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்கள் சுகாதாரத் துறை ஆட்கள். அன்றைக்கே பின்கட்டில் போட்டு எரித்தாயிற்று. நோட்டுகளைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"கடையைச் சாத்திட்டுப் பதினோரு நாள் படிச்சேன் தம்பி. ஒரு பக்கம் விடல. என்னென்னமோ இருந்துச்சு. புரிஞ்சது கொஞ்சம், புரியாதது நிறைய. ஆனா எல்லாரும் இருந்தாங்க. ஆஸ்பத்திரி வார்டு பையன் இருந்தான். முடிவெட்டுக் கடைக்காரர் இருந்தாரு. கீழ்வீட்டுக் கறுப்பு நாய், அதுக்கு மூணு பக்கம்." ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டியிருந்த அங்குஸ்தானைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் ஒரு வரில கூட இல்ல."

அங்குஸ்தானைத் திரும்ப மாட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷம் சோறு, துணி, மருந்து. பேரைச் சொல்ல வேண்டாம், தங்கச்சின்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். நாப்பதாவது நோட்டு முடியற வரைக்கும் தேடினேன். பன்னிரண்டாம் நாள் காலையில மெத்தை எரிஞ்ச அதே இடத்துல போட்டேன். நோட்டுக் கட்டு சட்டுனு பிடிக்காது, தெரியுமா? பிரிச்சுப் பிரிச்சுப் போடணும். ரெண்டு மணி நேரம் ஆச்சு. நிறுத்தணும்னு நினைச்சிருந்தா நிறுத்தியிருக்கலாம்."

போகும்போது வாசலில் என்னை நிறுத்தினார்.

"எரிச்சேன்னு எழுதுங்க. நடந்ததுதானே. ஏன்னு எழுத வேண்டாம். நான் கண்ணை மூடற வரைக்கும் வேண்டாம். கேக்கறவங்க சிரிப்பாங்க."

ஒப்புக்கொண்டேன்.

பிறகுதான் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. நாற்பது நோட்டையும் படித்த ஒரே உயிர் எதிரில் உட்கார்ந்து ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறது. ஏதாவது நினைவிருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தைக்கும் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"ஊசிக்குக் கண் ஒன்றுதான்.
அதையும் நூல் வந்து அடைத்துக்கொள்கிறது."

"அம்மா, இது நீங்கதானே?"

"ஊசியைப் பத்தி எழுதியிருக்கு. என்னைப் பத்தி எங்க எழுதியிருக்கு?" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அதன்பிறகு வாரத்துக்கு நாலு வரி, ஐந்து வரி என்று கிடைத்தது. வற்புறுத்தினால் வராது. பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது தானாக வரும். நான் மூச்சைக்கூட மெல்ல விட்டுக் குறித்துக்கொள்வேன். கடைசி நோட்டில் பத்துப் பக்கம் முழுசாக மனப்பாடம் என்றும் ஒருநாள் சொன்னார். "அதைச் சாவகாசமா சொல்றேன். ஓட்டமா ஓடப்போகுது?"

புத்தகத்தை எழுதி முடித்ததும் அவரைப் பற்றிய ஒன்பது பக்கங்களை மட்டும் அவரிடமே கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டிப் படித்தவர், ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"'அண்ணனின் பொருப்பை ஏற்றுக்கொண்டார்'னு போட்டிருக்கீங்க. பொருப்புன்னா மலை இல்ல? அவரோட மலையையா நான் ஏத்துக்கிட்டேன்?" குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "யோசிச்சுப் பார்த்தா அதுவும் சரிதான். அப்படியே விட்டுடுங்க."

இருபது வருஷ புரூஃப்காரன் கண்ணில் மண்ணைத் தூவிய பிழை அது.

ஆனால் விடுவதா திருத்துவதா என்ற கேள்வியே எழவில்லை. பதிப்பாளர் அந்த ஒன்பது பக்கத்தையும் தூக்கிவிட்டார். "வாசகன் கவிஞனைப் பார்க்க வர்றான் சார். நீங்க அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போறீங்க. ஒரு பத்தி போதும்." கெட்ட மனிதர் இல்லை. வேறு எவரும் தொடாத கையெழுத்துப் பிரதியை எடுத்துப் போட முன்வந்தவர். சண்டை போட்டால் புத்தகமே நின்றுவிடுமோ என்று பயந்தேன். ஒரு பத்தியாகச் சுருக்கிக் கொடுத்தது நான்தான். அதன் கடைசி வாக்கியம்: 'அவர் விட்டுச்சென்ற நாற்பது நோட்டுகளையும் அவருடைய தங்கை எரித்துவிட்டார்.'

அச்சாகி வந்த முதல் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேராக அந்தப் பக்கத்துக்குப் போனார்.

"ஒன்பது பக்கம் வத்தி ஒரு பத்தி ஆயிடுச்சு போல."

"இடமில்லைன்னு சொல்லிட்டாங்கம்மா."

"பரவாயில்ல. அண்ணன் கொடுத்ததைவிட ஒரு பத்தி அதிகம்."

முதல் ஆறு மாதம் புத்தகம் கிடங்கில் தூங்கியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் யாரோ ஒரு விமர்சகர் முழுப்பக்கம் எழுதினார். கூடவே கதவு சுமக்கும் படத்தையும் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஜனங்கள் கடைகடையாகப் போய் போர்டுகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு கோழிக்கூண்டின் கூரையில் ஒன்று கிடைத்தது. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக ஒன்று. பதினேழு அறுபத்து மூன்றானது. அருங்காட்சியகம் ஒரு தனி அறை ஒதுக்கியது. மறை கழன்ற ஆள் மகாகலைஞர் ஆனார். என் புத்தகம் இரண்டாம் பதிப்பு போயிற்று, மூன்றாம் பதிப்பும் போயிற்று. மேசைக்கு அடியில் வைத்திருந்த பதினேழையும் தையலம்மா போர்வைத் துண்டுகளோடேயே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். போர்வைத் துண்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் பெரிய ஆளாக ஆக, தங்கை எரித்ததும் பெரிதாகிக்கொண்டே போனது. இத்தனை வருஷமாக அது வெறும் காகிதம் எரிந்த சமாச்சாரம். இப்போது கொலை மாதிரி ஆகிவிட்டது. நாற்பது நோட்டில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று ஆளாளுக்குக் கட்டுரை எழுதினார்கள். எழுதிய ஒவ்வொருவரும் அந்த வாக்கியத்தை எடுத்துப் போட்டார்கள். பொறாமை என்றார் ஒருவர். மூடநம்பிக்கை என்றார் இன்னொருவர். கல்லூரி மாணவர்கள் வந்து எரித்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். ஒருநாள் காலையில் ஷட்டரின் இடுக்கில் யாரோ கருகிய காகிதத்தைச் சொருகிவிட்டுப் போயிருந்தார்கள். பேன்ட் இடுப்பைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்த ஒருவன், "உங்ககிட்ட கொடுத்தா முழுசா திரும்பி வருமா?" என்று கேட்டுச் சிரித்தானாம். பக்கத்து வாட்ச் கடைக்காரர் இதையெல்லாம் என்னிடம் தனியாகச் சொன்னார். தையலம்மா ஒருநாளும் சொல்லவில்லை.

அண்ணனின் இருபதாம் ஆண்டு நினைவு நாளுக்கு நகர மண்டபத்தில் பெரிய விழா எடுத்தார்கள். அழைப்பிதழில் தையலம்மாவின் பெயர் இல்லை. நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன்.

"எதுக்கு தம்பி? நான் பாட்டுக்கு இங்க இருக்கேனே."

"நீங்க இல்லாம அவர் ஏதும்மா? வாங்க."

வெளிர்நீலப் புடவை கட்டி, கைப்பையில் அந்த முதல் பிரதியை வைத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தேன். என்னை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பேராசிரியர் ஒருவர் சிறப்புரை. நல்ல கம்பீரமான குரல். கவிஞரை அணு அணுவாக ரசித்துப் பேசினார், எனக்கே சில இடத்தில் புல்லரித்தது. பிறகு நோட்டுகளுக்கு வந்தார்.

"அந்த மாபெரும் காவியம் யாருடைய கையில் போய்ச் சிக்கியது பாருங்கள்! நெருப்புக்கும் எழுத்துத் தெரியாது. அந்தத் தங்கைக்கும் எழுத்துத் தெரியாது!"

மண்டபம் அதிர்ந்தது. அவ்வளவு கைதட்டல். மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோரும் தட்டினார்கள். இரண்டு பக்கமும் தட்டும்போது நடுவில் இருக்கிறவன் கை சும்மா இருக்குமா? என் கையும் தட்டியது. இரண்டு முறையோ மூன்று முறையோ. என்ன செய்கிறோம் என்று தெரிந்து நிறுத்தினபோது மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். தையலம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்துப் பேச வேண்டியவன் நான். எழுந்து போய், 'அவருக்கு எழுத்துத் தெரியும், என் பிழையைத் திருத்தியவர் அவர், இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்' என்று சொல்லியிருக்கலாம். நாலு வாக்கியம். சிறப்புரைக்குப் பின் மூக்கை உடைக்கிறமாதிரி ஆகுமே, விழா கெட்டுவிடுமே என்று நினைத்தேன். எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை அப்படியே வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டுப் பார்த்தபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். ஒரு பேன்டை அயர்ன் செய்துகொண்டிருந்தார்.

"அம்மா, நேத்திக்கு..."

"நீங்களும் தட்டினீங்க."

கோபமே இல்லாத குரல். பொத்தான் விழுந்திருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறமாதிரி சொன்னார். நான் ஏதேதோ சொன்னேன். அந்தப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதுகிறேன், பத்திரிகையில் மறுப்புப் போடுகிறேன், ஏன் எரித்தீர்கள் என்று சொல்ல அனுமதி கொடுங்கள், எல்லோர் வாயும் அடைந்துவிடும் என்றேன்.

"வேண்டாம். இப்ப சொன்னா, என் பேரைப் போடலன்னு எரிச்சேன்னுதான் சொல்லுவாங்க. அது நிஜமும்கூட."

அவர் சம்மதிக்காவிட்டாலும் பேராசிரியருக்கு எழுதினேன், எழுத்துத் தெரியாதவர் என்பது மட்டும் தவறு என்று. 'ஒரு அலங்காரத்துக்காகச் சொன்னது' என்று ஒரு தபால் கார்டு வந்தது.

அடுத்த சனிக்கிழமை குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் ஸ்டூலில் உட்கார்ந்தேன். டீ வாங்கி வரச் சொன்னார். விலைவாசியைப் பற்றிப் பேசினார், வாட்ச் கடைக்காரரின் மகளுக்குப் பிரசவம் ஆனதைச் சொன்னார். வரி எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசி நோட்டின் அந்தப் பத்துப் பக்கத்தைக் கேட்டேன்.

"மறந்துபோச்சு தம்பி."

மறக்கவில்லை. மெஷின் ஓடும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். குனிந்து பார்த்தால் நின்றுவிடும். பெடல் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. இரண்டு வருஷம் அப்படி எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை தையல் சத்தம் சட்டென்று நின்றபோது "மழைக்கு முன்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் கேட்டன. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவருக்குக் குடலில் கட்டி. ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் மூன்று வாரம் இருந்தார். வாட்ச் கடைக்காரரின் மனைவி பகலில் வந்து பார்த்துக்கொண்டார், நான் அச்சகம் விட்டதும் போவேன். கடைசியாகப் போன அன்று கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தேன். நாலு ஸ்பூன் குடித்தார். முகத்தைத் துடைத்துவிட்டேன். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் குறிப்பு நோட்டை எடுத்தது.

"அம்மா, அந்தக் கடைசி நோட்டு... நாலு வரியாவது..."

கண்ணைத் திறந்து நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்க வந்தீங்களா தம்பி, அண்ணனைப் பார்க்க வந்தீங்களா?"

உங்களைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நோட்டு கையில் விரிந்தே இருந்தது. அவர் பக்கவாட்டில் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நர்ஸ் வந்து, நேரம் ஆயிற்று என்று என்னை அனுப்பினாள். மறுநாள் காலை பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தகனத்துக்கு ஏழு பேர் வந்திருந்தோம். வாட்ச் கடைக்காரர்தான் கொள்ளி வைத்தார். கடையில் தைத்து முடித்த துணிகள் பதினான்கு, சீட்டு குத்தி அடுக்கி வைத்திருந்தார். அவற்றை உரியவர்களிடம் சேர்க்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாரம் பிடித்தது. பத்திரிகையில் மூன்று வரிச் செய்தி வந்தது. 'கவிஞரின் கையெழுத்துப் படிகளை எரித்த தங்கை காலமானார்' என்று தலைப்பு.

வாக்குக் கொடுத்த கெடு முடிந்துவிட்டதால், நான்காம் பதிப்புக்கு அந்த ஒன்பது பக்கங்களைத் திரும்ப எழுதினேன். இருபத்திரண்டு வருஷச் சோற்றையும், பதினோரு நாள் படிப்பையும், கறுப்பு நாயையும், ஊசியையும், என் கைதட்டலையும் சேர்த்து எழுதினேன். பதிப்பாளர் கவனமாகப் படித்தார். கண்கூடக் கலங்கினார். ஆனால் புத்தகம் பாடத்திட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது, பக்க எண் மாறினால் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குச் சிக்கல் என்றார். கடைசியில் அந்தப் பழைய வாக்கியத்தின்மேல் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் மூன்று வரி போட ஒத்துக்கொண்டார். அந்த நோட்டுகளை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவரே என்றும், இந்த நூலில் உள்ள நோட்டு வரிகள் நானூற்றுப் பதினொன்றும் அவர் நினைவிலிருந்து சொன்னவை என்றும் அதில் இருக்கிறது. புரூஃபை நானே நாலு தடவை பார்த்தேன், பிழை இல்லை.

பதிப்பு வந்து மூன்று வருஷம் ஆகிறது. கவிஞரைப் பற்றிக் கேட்டு மாதம் பத்துக் கடிதமாவது எனக்கு வருகிறது. அந்த அடிக்குறிப்பைப் பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லை.